பற்கூழ் வெளிப்பட்டுவிட்டால் எந்தப் பல்லுக்கு எந்த மருந்து?

கடைவாய்ப் பல்லில் ஆழமாக இறங்கிய சொத்தையைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, குழியின் அடியில் கடுகளவு இரத்தப் புள்ளி ஒன்று தெரிகிறது. பல்லின் உள்ளே இருக்கும் உயிருள்ள மென்திசுவான பற்கூழ் வெளிப்பட்டுவிட்டது. மருத்துவர் அங்கேயே முடிவெடுக்க வேண்டும். கூழை முழுவதும் எடுத்துவிட்டு ரூட் கேனால் செய்வதா, கூழை உயிரோடு வைத்துக்கொண்டு அதன் மேல் ஒரு மருந்தை வைத்து மூடுவதா? மூடுவது என்றால் எதை வைத்து மூடுவது?

ஆழமான சொத்தை என்றாலே ரூட் கேனால்தான் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. கூழின் மேல் வைக்கக் கையில் இருந்த மருந்தை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. கடந்த 30 ஆண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. கால்சியம் சிலிகேட் வகைச் சிமெண்டுகள் வந்தபின், சரியாகத் தேர்ந்தெடுத்த பல்லில் கூழைக் காப்பது நம்பத் தகுந்த சிகிச்சையாகிவிட்டது. ஆனால் எல்லாப் பல்லுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. பால்பல், பள்ளிப் பிள்ளையின் கடைவாய்ப் பல், அடிபட்டு உடைந்த முன்பல், 50 வயதுக்காரரின் பல் என ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு. பல் மருத்துவரின் நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கும், பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும், துறைக்குப் புதிதாக வந்த இளம் மருத்துவர்களுக்கும் உதவட்டும் என்று அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

கூழைக் காப்பதில் என்ன லாபம்

பல்லின் கடினமான மேலுறையான எனாமலுக்குக் கீழே டென்டின், அதற்கும் உள்ளே பற்கூழ். இரத்த நாளங்கள், நரம்புகள், பலவகைச் செல்கள் எல்லாம் சேர்ந்த மென்திசு அது. அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஓடோன்டோபிளாஸ்ட் செல்கள் வாழ்நாள் முழுவதும் டென்டினை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. சொத்தை நெருங்கி வந்தால், அந்தப் பக்கத்தில் கூடுதலாக டென்டின் இட்டுத் தற்காத்துக்கொள்கின்றன. கிருமியை எதிர்க்கும் செல்களும் அங்கே உண்டு. கூழ் போனால் இவை எல்லாமே போய்விடும். வலி என்ற எச்சரிக்கையும் போய்விடும். கூழ் எடுத்த பல்லில் மறுபடி சொத்தை வந்தால், அது பெரிதாகும் வரை தெரியாமலே போகலாம்.

பிள்ளைகள் விஷயத்தில் இதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஏறத்தாழ 6 வயதில் முளைக்கிறது. பால்பல் எதுவும் விழாமலே, வரிசையின் பின்னால் முளைப்பதால் பல பெற்றோர்கள் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். வாயில் முழுப் பல்லாகத் தெரிந்தாலும் அதன் வேர் வளர்ந்து முடிய 9 அல்லது 10 வயதாகும். 7 வயதில் கூழை எடுத்துவிட்டால், வேர் நீள்வதும் வேரின் சுவர் தடிப்பதும் அங்கேயே நின்றுவிடும். மெல்லிய சுவரோடு, நுனி திறந்தபடி நிற்கும் அந்த வேர் பின்னாளில் எளிதில் முறியும். ஆகவே, வேர் முடியாத நிரந்தரப் பல்லில் கூழைக் காக்க எல்லா முயற்சியும் எடுத்தே ஆக வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

மருந்தைப் பேசும் முன் கிருமியைப் பேச வேண்டும்

1965இல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவர் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்களைத் துளைத்துக் கூழை வெளிப்படுத்தினார்கள். எந்த மருந்தும் வைக்கவில்லை. துளையில் உணவுத் துணுக்குகள் அடைந்துகொண்டன. அப்படியிருந்தும் கூழ் அழியவில்லை. துளையின் குறுக்கே டென்டின் பாலம் கட்டி மூடிக்கொண்டது. சாதாரணச் சூழலில் வளர்ந்த எலிகளிலோ அதே துளை கூழை அழுகச் செய்தது. கூழைக் கொல்வது துளை இல்லை, துளை வழியாக வரும் கிருமி என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது.

இதே உண்மையை மனிதப் பற்களில் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்வீடனில் பணியாற்றிய மியோமிர் சிவெக் 1978இல், அடிபட்டு உடைந்து கூழ் வெளிப்பட்ட 60 முன்பற்களில் மேற்கூழை (பல்லின் தலைப்பகுதியில் உள்ள கூழை) மட்டும் சிறிது வெட்டி எடுத்து, கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினார். 96 சதவீதப் பற்கள் குணமாயின. 2010இல் டென்மார்க்கின் லார்ஸ் பியோர்ண்டால் குழுவினர், ஆழமான சொத்தையால் கூழ் வெளிப்பட்ட பெரியவர்களின் பற்களில் அதே கால்சியம் ஹைட்ராக்சைடை வைத்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குப் பற்களே தப்பியிருந்தன. இரண்டிலும் மருந்து ஒன்றுதான். முதலாவதில் ஆரோக்கியமான கூழ் திடீரென்று வெளிப்பட்டது. இரண்டாவதில் மாதக்கணக்கில் கிருமியோடு போராடிக் களைத்த கூழ்.

எனவே மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கூழின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். குளிர்ந்த நீர் பட்டால் சுருக்கென்று கூசி, உடனே அடங்கிவிடுகிறது என்றால் நம்பிக்கை அதிகம். எதுவும் படாமலே இரவில் தானாகத் துடிக்கும் வலி, சூடு பட்டு மணிக்கணக்கில் நீடிக்கும் வலி என்றால் கூழின் உள்ளே அழற்சி ஆழமாக இறங்கியிருக்கிறது. ஈறில் சீழ்க்கட்டி, பல் ஆட்டம், எக்ஸ்-ரேயில் வேர்நுனியைச் சுற்றிக் கருநிழல் என்றால் கூழின் பெரும்பகுதி செத்திருக்க வாய்ப்பு அதிகம். செத்த கூழின் மேல் எந்த விலையுயர்ந்த மருந்தை வைத்தாலும் பயனில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூழை வெளிப்படுத்தாமலே தப்பிக்க முடிந்தால் அதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. பியோர்ண்டால் குழுவினரின் அதே 2010 ஆய்வின் இன்னொரு பகுதியில், சொத்தையை ஒரேயடியாகச் சுரண்டிய பற்களில் 62 சதவீதம் ஓராண்டுக்குப் பின் நலமாக இருந்தன. கூழுக்கு மேலே உள்ள அடுக்கை விட்டுவைத்து, மூடி, சில வாரங்கள் கழித்துத் திறந்து மிச்சத்தை எடுத்த பற்களில் அது 74 சதவீதம். குழியின் விளிம்புகளைக் கெட்டியான, சுத்தமான டென்டின் வரை சுரண்டிவிட்டு, கூழின் கூரையில் மட்டும் மென்மையான அடுக்கை விட்டு, இறுக மூடுவதை இன்று பல நாட்டு வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. ‘கொஞ்சம் சொத்தையை உள்ளேயே விட்டுவிட்டேன்’ என்று மருத்துவர் சொன்னால் பதற வேண்டாம். இறுக மூடிவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்கு உணவு கிடைக்காது.

சுண்ணாம்பின் நீண்ட ஆட்சி

1920இல் ஜெர்மனியின் ஹெர்மன் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்த கால்சியம் ஹைட்ராக்சைடு, நம் வெற்றிலைச் செல்லத்தில் இருக்கும் அதே நீற்றிய சுண்ணாம்புதான். மருத்துவத்துக்குத் தூய்மையாக்கப்பட்டது என்பதே வேறுபாடு. (வலிக்கிறதே என்று வீட்டுச் சுண்ணாம்பைப் பல் குழியில் வைப்பவர்கள் இன்றும் உண்டு. வாயும் ஈறும் வெந்துபோகும், தயவுசெய்து செய்யாதீர்கள்.)

இதன் பிஎச் அளவு ஏறத்தாழ 12.5. அந்தக் கடுங்காரம் கிருமிகளைக் கொல்கிறது. தொட்ட இடத்தில் கூழின் மேற்பரப்பை மெல்லியதாகச் சுடுகிறது. அதற்குக் கீழே கூழ் குணமாகத் தொடங்குகிறது. கூடவே இன்னொரு வேலையும் நடக்கிறது. டென்டின் உருவாகும்போது அதற்குள் டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. காரம் டென்டினைச் சிறிது கரைக்கும்போது அவை விடுபட்டு, கூழில் இருக்கும் மூலச்செல்களை அழைக்கின்றன. அச்செல்கள் ஓடோன்டோபிளாஸ்ட் போன்றவையாக மாறி, புதிய கடினத் திசுவை இடுகின்றன. உயிர்த்திசுவோடு இப்படி வினைபுரியும் பொருள்களைத்தான் உயிர்ச்செயல் பொருள்கள் என்கிறார்கள்.

பிறகு ஏன் இது பின்தங்கியது? காரணங்கள் மூன்று. டென்டினோடு இது ஒட்டாது. நாளடைவில் கரைந்துபோகும், அடைப்புக்குக் கீழே வெற்றிடம் விழும். இதனால் உருவாகும் டென்டின் பாலமும் முழுமையாக இருப்பதில்லை. 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குரங்குப் பற்களில் கால்சியம் ஹைட்ராக்சைடின் கீழ் உருவான பாலங்களில் 89 சதவீதத்தில் சுரங்கம் போன்ற துளைகள் இருந்ததாகக் காட்டியது. பாலத்தில் துளை, மேலே மருந்தும் கரைந்துவிட்டது என்றால், சில ஆண்டுகளில் கிருமி மறுபடி உள்ளே இறங்க வழி திறந்தே இருக்கிறது.

இது மலிவு, எல்லா மருத்துவமனைகளிலும் கிடைக்கும், இரண்டு நிமிடத்தில் வைத்துவிடலாம். ரூட் கேனால் அமர்வுகளுக்கு இடையே கிருமிநாசினியாக வேர்க்குழாய்க்குள் வைக்க இன்றும் இதுவே முதன்மையான மருந்து. ஆனால் வெளிப்பட்ட கூழின் மேல் நிரந்தரமாக வைக்க, வேறு எதுவும் கையில் இல்லாதபோது மட்டுமே இதை நாட வேண்டும் என்பது என் கருத்து.

எம்டிஏ கொண்டுவந்த மாற்றம்

கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் உருவாக்கிய எம்டிஏ (மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட்) என்ற கால்சியம் சிலிகேட் சிமெண்ட், 1993இல் முதன்முதலாக ஆய்விதழில் இடம்பெற்றது. முதலில் வேரில் விழுந்த துளைகளை அடைக்கவே இது வந்தது. கட்டட வேலைக்குப் பயன்படும் போர்ட்லாண்ட் சிமெண்டின் தூய்மையாக்கப்பட்ட வடிவம் இதன் முக்கால் பங்கு. எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரிவதற்காக ஏறத்தாழ 20 சதவீதம் பிஸ்மத் ஆக்சைடு, மிச்சம் ஜிப்சம். ஈரத்தைக் கண்டு ஓடும் பல் மருந்துகளுக்கு நடுவில் இது ஈரத்தில்தான் இறுகும். இரத்தமும் திசுநீரும் கசியும் பற்கூழின் மேல் வைக்க அதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை.

இதன் வேதியியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. ட்ரைகால்சியம் சிலிகேட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற இறுகும் பொருளும், கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகின்றன. ஆக, கூழோடு பேசுவது அதே பழைய சுண்ணாம்புதான். அதே காரம், அதே கால்சியம் அயனி. ஆனால் இப்போது அது கரையாத, சுருங்காத, டென்டினோடு இறுகப் பொருந்தும் ஒரு சிமெண்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கசிகிறது. திசுநீரில் உள்ள பாஸ்பேட்டோடு அந்தக் கால்சியம் சேர்ந்து மேற்பரப்பில் அபடைட் படிகிறது. பல்லும் எலும்பும் ஆன கனிம வகை அது. சுண்ணாம்பின் நன்மை அப்படியே இருக்க, அதன் பெருங்குறையான கசிவு இங்கே அடைபட்டுவிட்டது.

மருத்துவ முடிவுகளிலும் அந்த வேறுபாடு தெரிகிறது. 2013இல் அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில், சாதாரணத் தனியார் மருத்துவமனைகளிலேயே நடத்தப்பட்ட ஆய்வில், 2 ஆண்டுகளுக்குள் தோல்வியடையும் வாய்ப்பு கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு 31.5 சதவீதம், எம்டிஏவுக்கு 19.7 சதவீதம். 2017இல் வெளியான இன்னோர் ஆய்வு சொத்தையால் கூழ் வெளிப்பட்ட கடைவாய்ப் பற்களை 3 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. எம்டிஏ வைத்தவற்றில் 85 சதவீதமும், சாதாரண கால்சியம் ஹைட்ராக்சைடு பூச்சு வைத்தவற்றில் 52 சதவீதமும் தப்பின. காலம் கூடக்கூட இடைவெளியும் கூடுகிறது. முதல் ஆறு மாதத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மலிவான மருந்தை வைத்த பல் வலிக்கவில்லையே என்று அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. இறுக 2 மணி 45 நிமிடம் ஆகும். கலக்கினால் ஈர மணலைப் போல உதிரும். சிறிய குழியின் அடியில் அதை ஒழுங்காக நிறுத்துவதற்குக் கைப்பழக்கம் வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை நிறம். பிஸ்மத் ஆக்சைடு, கிருமிநாசினியாகப் பயன்படும் சோடியம் ஹைபோகுளோரைட்டோடு சேர்ந்தால் கறுக்கிறது. இரத்தம் பட்டாலும் பல் சாம்பல் பூத்துப்போகிறது. வெள்ளை எம்டிஏ என்று பின்னால் வந்த வகையும் இதிலிருந்து தப்பவில்லை. சிரிக்கும்போது தெரியும் பல்லில் பழைய எம்டிஏவை வைக்க நான் ஒப்ப மாட்டேன். கடைவாய்ப் பல்லில் அது பொருட்டே இல்லை. பிஸ்மத்தை நீக்கி டான்டலம் ஆக்சைடு அல்லது வேறு பொருள் சேர்த்த புதிய எம்டிஏ வகைகளில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது. வாங்கும் மருத்துவர் உறையில் உள்ள சேர்மானத்தைப் படிக்க வேண்டும். எம்டிஏ என்ற பெயர் மட்டும் போதாது.

பயோடென்டின், அதன் நேரடிப் போட்டியாளர்

பிரான்சின் செப்டோடான்ட் நிறுவனம் 2009 வாக்கில் கொண்டுவந்த பயோடென்டினும் ட்ரைகால்சியம் சிலிகேட்தான். சிமெண்டுக் கல்லிலிருந்து தூய்மையாக்காமல் ஆய்வகத்தில் தனியாகத் தயாரிக்கிறார்கள். பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு. ஆகவே நிறம் பெரிதாக மாறுவதில்லை. கலக்கும் திரவத்தில் கால்சியம் குளோரைடு இருப்பதால் வேகமாக இறுகுகிறது. தயாரிப்பாளர் கணக்கில் 12 நிமிடம். ஆய்வகங்களில் முழு இறுக்கத்துக்கு 45 நிமிடம் வரை அளந்திருக்கிறார்கள். எப்படி இருந்தாலும் நோயாளி எழுந்து போகும் முன் வேலை முடிந்துவிடுகிறது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமையும் எம்டிஏவைவிடப் பல மடங்கு அதிகம். கூழின் மேல் மெல்லியதாக வைப்பதோடு நிற்காமல், இழந்த டென்டினின் இடம் முழுவதையும் இதனாலேயே நிரப்பலாம்.

கூழ் எதைச் சிறப்பாக ஏற்கிறது? போலந்தில் 2013இல், எப்படியும் பிடுங்கவிருந்த 28 கடைவாய்ப் பற்களில் இரண்டையும் வைத்துச் சோதித்தார்கள். பிறகு பற்களைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரண்டின் கீழும் பெரும்பாலான பற்களில் முழுமையான டென்டின் பாலம் இருந்தது. சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆக, கூழின் பார்வையில் இரண்டும் ஒன்று. வேறுபாடு மருத்துவரின் நேரத்திலும் பல்லின் நிறத்திலும் விலையிலும் இருக்கிறது.

விலையில் ஒரு நுணுக்கம் உண்டு. பயோடென்டின் ஒரு முறைக்கு ஒரு கேப்சூல். மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. குண்டூசி முனை அளவு துளைக்கும் முழுக் கேப்சூலின் செலவு அந்த ஒரு நோயாளி தலையில்தான் விழும். சில எம்டிஏ வகைகள் சிறு குப்பியில் வருவதால் தேவையான அளவு மட்டும் எடுக்கலாம். இந்தியாவில் தயாராகும் வகைகளும் கிடைக்கின்றன. பயோடென்டினை அதிர்வு இயந்திரத்தில் 30 விநாடி கலக்க வேண்டும். அந்த இயந்திரம் எல்லாரிடமும் இருப்பதில்லை. எக்ஸ்-ரேயில் இது டென்டினைப் போலவே மங்கலாகத் தெரியும் என்பதால், பின்னால் வேறு மருத்துவர் பார்க்கும்போது மருந்து எங்கே வைக்கப்பட்டது என்று குழம்பலாம். சிகிச்சைச் சீட்டில் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் தேர்வைக் கேட்டால்: முன்பல், உடைந்த பல், ஒரே அமர்வில் முடிக்க வேண்டிய சிறுபிள்ளை ஆகிய மூன்றுக்கும் பயோடென்டின். கடைவாய்ப் பல்லில், செலவைக் கருத வேண்டிய வீட்டில், நல்ல எம்டிஏ. அதில் எந்தத் தாழ்வும் இல்லை.

கலந்தே வரும் பசை வடிவச் சிமெண்டுகளும் சந்தைக்கு வந்திருக்கின்றன. கலக்கும் தொல்லை இல்லை. திசுவின் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். இவையும் இதே குடும்பம்தான், விலை அதிகம். ஒளி பாய்ச்சினால் விநாடிகளில் இறுகும் தெராகால் போன்றவை பற்றி எச்சரிக்கை தேவை. அவற்றில் கால்சியம் சிலிகேட்டோடு பிசினும் கலந்திருக்கிறது. கால்சியம் வெளியேறுவது குறைவு; இறுகாத பிசின் கூழை உறுத்தும். கூழின் மேல் மெல்லிய டென்டின் அடுக்கு மிச்சமிருக்கும் இடத்தில் வைக்கலாம். இரத்தம் தெரியும் கூழின் மேல் நேரடியாக வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

பல்லுக்குப் பல் கணக்கு

பால்பல்லில் நெடுங்காலமாக ஃபார்மோகிரெசால் வைத்து மேற்கூழை மட்டும் எடுப்பது வழக்கம். அதில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வைக்கும் அளவு மிகச் சிறியது என்றாலும், எம்டிஏ அதற்கு இணையான, பல ஆய்வுகளில் மேலான பலனைத் தரும்போது பழையதைத் தொடரக் காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: ஓராண்டில் தானாக விழப்போகும் பல்லுக்கு விலையுயர்ந்த மருந்து வேண்டியதில்லை. 4 வயதுப் பிள்ளையின் பின்பற்கள் இன்னும் 6 ஆண்டுகளுக்கு மேல் நிற்க வேண்டியவை. அங்கே செலவு செய்யலாம்.

வேர் முடியாத நிரந்தரப் பல்லில், கூழில் உயிர் இருக்கும் வரை, வலி கடுமையாக இருந்தாலும், மேற்கூழை எடுத்துவிட்டு வேரில் உள்ள கூழைக் கால்சியம் சிலிகேட் வைத்துக் காப்பாற்றப் பாருங்கள். வேர் வளர்ந்து முடியட்டும். ரூட் கேனால் தேவைப்பட்டால் பிறகு செய்துகொள்ளலாம்.

பெரியவர்களின் பல்லில்தான் கருத்து மாறிக்கொண்டிருக்கிறது. தானாக வலிக்கும் பல் என்றால் நேராக ரூட் கேனால் என்பதே முன்பு பாடம். ஈரானில் சயீத் அஸ்கரி குழுவினர் இத்தகைய கடைவாய்ப் பற்களில் ஒரு பாதிக்கு ரூட் கேனாலும், மறுபாதிக்கு கால்சியம் மிகுந்த ஒரு சிமெண்டை வைத்து மேற்கூழ் நீக்கமும் செய்தார்கள். 5 ஆண்டுக்குப் பிறகு வெற்றி விகிதம் ரூட் கேனாலுக்கு 75, மேற்கூழ் நீக்கத்துக்கு 78 சதவீதம். கிட்டத்தட்ட சமம். அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர் சங்கமும் 2021இல் இந்த வழியை ஏற்று நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. நாற்காலியிலேயே முடிவைச் சொல்லும் சோதனை இரத்தக் கசிவு. வெட்டிய கூழின் மேல் ஹைபோகுளோரைட் நனைத்த பஞ்சை அழுத்தினால் 5 நிமிடத்துக்குள் கசிவு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இன்னும் ஆழமாக வெட்டிப் பார்க்க வேண்டும். வேரின் வாய் வரை போயும் நிற்கவில்லை என்றால் கூழைக் காக்கும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

மீண்டும் முளைக்குமா பற்கூழ்

செத்த கூழுக்குப் பதில் புதிய கூழை வளர்க்க முடியுமா என்ற கேள்வி விளம்பரங்களில் மிக எளிதாக ‘முடியும்’ என்று பதில் பெறுகிறது. நடப்பது வேறு. வேர்நுனி திறந்த பிள்ளைகளின் பல்லில் 2004 முதல் ஒரு முறை பரவலாகியிருக்கிறது. வேர்க்குழாயைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்து, சில வாரங்கள் மருந்து வைத்து, பிறகு வேர்நுனிக்கு அப்பால் மெல்லக் குத்தி இரத்தத்தைக் குழாய்க்குள் வரவழைத்து, உறைந்ததும் அதன் மேல் கால்சியம் சிலிகேட் வைத்து மூடுகிறார்கள். பல பற்களில் புண் ஆறுகிறது. வேர் சிறிது நீளவும் தடிக்கவும் செய்கிறது. ஆனால் அப்படி ஆறிய பற்களை நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே வளர்ந்திருப்பது பெரும்பாலும் எலும்பையும், வேரைப் போர்த்தியிருக்கும் சிமெண்டம் என்ற திசுவையும் ஒத்த திசு. உண்மையான பற்கூழ் அரிது. இதற்கு மாற்று, திறந்த வேர்நுனியை எம்டிஏவால் அடைத்துவிடுவது. அது ஒன்றிரண்டு அமர்வுகளில் உறுதியாக முடியும். ஆனால் வேர் வளராது. மிகவும் குட்டையான, மெல்லிய வேராக இருந்தால் முதலாவதை முயலலாம். வேர் ஏறத்தாழ முடிந்திருந்தால் எம்டிஏ அடைப்பே போதும்.

பற்கூழில் மூலச்செல்கள் இருப்பது 2000ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. 2018இல் சீன ஆய்வாளர்கள், பால்பல் கூழின் மூலச்செல்களை, அடிபட்டுக் கூழ் செத்த பிள்ளைகளின் முன்பற்களில் வைத்து, இரத்த ஓட்டமும் உணர்வும் திரும்பியதாகக் காட்டினார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பால் ஷார்ப் குழுவினர் 2017இல், டைடெக்லுசிப் என்ற மருந்தை நனைத்த கொலாஜன் பஞ்சால் எலிப் பற்களின் துளையை இயற்கை டென்டினாலேயே நிரப்பச் செய்தார்கள். இரண்டுமே என்னை மகிழ்விக்கின்றன. இரண்டுமே இன்னும் உங்கள் ஊர் மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சைகள் ஆகவில்லை. மூலச்செல் சேமிப்பு என்று பால்பல்லுக்குக் கட்டணம் கேட்பவர்களிடம், அதை வைத்து இன்று என்ன சிகிச்சை தருவீர்கள் என்று கேளுங்கள்.

மருந்து வைத்த பிறகு

மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் மேல் வரும் அடைப்பு ஒழுகினால் எல்லாம் வீண். முடிந்தவரை அதே நாளில் நிரந்தர அடைப்பை முடித்துவிட வேண்டும். தற்காலிக அடைப்போடு அனுப்பி மாதக்கணக்கில் காக்க வைப்பது, ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டும் தோல்விக் காரணம். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் கட்டி எச்சில் படாமல் வேலை செய்கிறாரா என்று கேட்பதும் உங்கள் உரிமை. எந்தச் சிமெண்ட் என்பதைவிட அந்த ரப்பர் விரிப்பு முடிவைப் பெரிதாக மாற்றும் சந்தர்ப்பங்கள் உண்டு.

ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. வலி இல்லை என்பது போதாது, ஏனெனில் கூழ் சத்தமில்லாமலும் சாகும். பிற்காலத்தில் ரூட் கேனால் தேவைப்பட்டால், இறுகிய சிமெண்டைத் துளைத்து இறங்குவது கடினம்; கூழ் சுண்ணமாகி வேர்க்குழாய் குறுகிப்போயிருந்தால் இன்னும் கடினம். இந்த விலையை நோயாளியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இளம் வயதில் இந்த விலை மிகக் குறைவு; காப்பாற்றிய பல் பல பத்தாண்டு உழைக்கும். ஆனால் வெளியூரிலோ கடலுக்கு அப்பாலோ வேலை பார்த்து, திரும்பிவந்து காட்ட முடியாதவருக்கும், பெரும்பகுதி உடைந்துபோய் வேருக்குள் ஊன்றுகோல் வைத்துக் கட்ட வேண்டிய பல்லுக்கும், இழந்த பல்லின் இடத்தில் செயற்கைப் பல் பாலம் கட்டத் தூணாக நிற்கப் போகும் பல்லுக்கும், தொடக்கத்திலேயே ரூட் கேனால் செய்துவிடுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.